எங்கள் எம்.எல்.ஏ. 'ஆம்' என்றாரா, 'இல்லை' என்றாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் பேப்பர் வந்ததும் நான் முதலில் திருப்புவது சட்டசபைச் செய்திகள் வரும் பக்கத்தைத்தான். யார் வெளிநடப்பு செய்தார்கள், யாரை அவைக்காவலர்கள் வெளியேற்றினார்கள், எந்த வார்த்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது, எல்லாம் விவரமாக இருக்கிறது. மசோதா நிறைவேறிய செய்தி மட்டும் கடைசியில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது, 'குரல் வாக்கெடுப்பு மூலம் நிறைவேறியது' என்று. உறுப்பினர்கள் 'ஆம்', 'இல்லை' என்று சொல்லும் சத்தத்தை வைத்தே முடிவு செய்வதுதான் குரல் வாக்கெடுப்பு. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 26 வருடம் பவர் பிரஸ்ஸிலும் லேத்திலும் நின்றவன். அதனால் 2023 ஏப்ரல் 21 எனக்கு மறக்கவே மறக்காது. பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாள். ஏப்ரல் 12-ல் அறிமுகமான தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதாவை அன்றைக்குக் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றினார்கள். 1948-ம் வருடத்துச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்ப்பதுதான் விஷயம். கேட்க ரொம்பச் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்தப் பிரிவு வந்தால் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளைக்கு 9 மணி நேரம், நடுவில் ஓய்வு, வார விடுமுறை, ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் ஆகிய விதிகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கு வேண்டுமானாலும் அரசு விலக்கு கொடுக்கலாம். அதாவது நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட வேலை வாங்கலாம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்புகிறவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசர் வந்து 'இன்னைக்கு நின்னுடு' என்று சொல்லும்போது 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளியை நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணி நேரம் என்றால் என்ன என்று பிரஸ் ஓட்டியவனுக்குத் தெரியும். பீஸை வை, பெடலை மிதி, எடு, அடுத்த பீஸை வை. முதல் நாலு மணி நேரம் கையும் காலும் சேர்ந்தே போகும். எட்டு மணி நேரம் தாண்டினால் கை ஒரு தாளத்திலும் கால் ஒரு தாளத்திலும் போக ஆரம்பித்துவிடும். என் பக்கத்து மெஷினில் நின்ற பையனுக்கு, ஆள் வரவில்லை என்று டபுள் ஷிப்ட் பார்த்த ஒரு ராத்திரியில், வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கழுத்தில் இருந்த துண்டை எடுத்து நான்தான் கட்டினேன். அவன் கத்தக்கூட இல்லை, மெஷினை ஆஃப் பண்ணச் சொன்னான், அவ்வளவுதான். அதனால்தான் அந்த மசோதா செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்த இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளுமே எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள், தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. 24-ம் தேதி மசோதாவை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாகவே சொன்னார். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதல் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருடம். திரும்பப் பெற்றதை நான் மனதாரப் பாராட்டினேன், இப்போதும் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நாளில் எங்கள் தொகுதி உறுப்பினர் என்ன சொன்னார்? அவருடைய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள். பதில்தான் இல்லை, ஏனென்றால் பதில் எங்குமே எழுதப்படவில்லை. குரல் வாக்கெடுப்பில் பேர் கிடையாது, எண்ணிக்கை கிடையாது. பல வருடம் முன்பு சங்கத் தோழர்களோடு கோட்டைக்குப் போய் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க என்று சபாநாயகர் சொல்கிறார், கீழே இருந்து ஒரு முணுமுணுப்பு, உடனே நிறைவேறியது என்கிறார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த மசோதாவுக்குப் போய்விட்டார்கள். பாதி நாற்காலி காலி.

எண்ண முடியாதா என்றால், முடியும். 2017 பிப்ரவரி 18-ல் நம்பிக்கைத் தீர்மானத்தின்போது இதே சபையில் உறுப்பினர்களை எழுந்து நிற்க வைத்து, பகுதி பகுதியாக எண்ணி, ஆதரவு 122, எதிர்ப்பு 11 என்று அறிவித்தார்களே. ஆட்சி நிற்குமா விழுமா என்பதற்கு எண்ணத் தெரிகிறது என்றால், லட்சக்கணக்கான தொழிலாளிகள் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள் என்பதற்கும் எண்ணலாம். எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறினால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகும், அதனால் எண்ணி என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். சரி, கொறடா சொன்னபடியே 'ஆம்' என்றார் என்றாவது பதிவாகட்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வரும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்போம்.

2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்ட ஆரம்பித்தது நல்ல காரியம். அதே கேமராவை மசோதா விவாதத்துக்கும் வாக்கெடுப்புக்கும் திருப்ப வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, தொழிலாளர், நிலம், குடிநீர் சம்பந்தப்பட்ட மசோதாக்களைக் கடைசி நாளில் மொத்தமாக எடுக்காமல் உறுப்பினர்கள் சிலர் உட்கார்ந்து மசோதாவை ஆராயும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பி, சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, பேர் சொல்லி வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.

அதெல்லாம் நடக்கும்வரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். மசோதா நிறைவேறியது என்று எழுதும்போது, அந்த நேரத்தில் அவையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், எத்தனை நிமிடம் விவாதம் நடந்தது என்று உங்கள் நிருபர் எண்ணி அந்த ஒரு வரியோடு சேர்த்துப் போடட்டும். 234 பேரில் எத்தனை பேர் என்று நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை.