படலம் வேறு, மின்கலம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஆய்வகங்களில் நடைபெறும் குறைக்கடத்தி மென்படல ஆய்வுகள், 'குறைந்த செலவில் புதிய சூரிய மின்கலம்' என்ற தலைப்புடன் நாளிதழ்களில் அவ்வப்போது செய்தியாகின்றன. செய்தியை முழுவதும் படித்தால், அங்கே உருவாகியிருப்பது பெரும்பாலும் கண்ணாடித் தகட்டின் மேல் படிந்த ஒரு படலம்தான் என்பதும், மின்கலம் இன்னும் செய்யப்படவே இல்லை என்பதும் தெரியவரும்.

தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் ஆகிய நான்கும் சேர்ந்த சிஇசட்டிஎஸ் என்னும் சேர்மத்தையே எடுத்துக்கொள்வோம். இதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை விடுவிக்க ஒளிக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான் வோல்ட். ஒளியை வலுவாக உறிஞ்சுவதால் ஓரிரு மைக்ரான் தடிமனே போதும். சிலிக்கான் வில்லையோ நூறு மைக்ரானுக்கு மேல் வேண்டும். உலோக உப்புகளின் கரைசலைச் சூடான கண்ணாடியின் மீது தெளித்தே இதைப் படியவைக்கலாம் என்பதால், வெற்றிடக் கருவிகள் வாங்க வசதியில்லாத துறைகளும் இதில் ஈடுபடுகின்றன. அது நல்லதுதான்.

சிக்கல் பகுப்பாய்வில் இருக்கிறது. படிகத்தன்மை கூடுவதற்காகப் படலத்தைக் கந்தக ஆவியில் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கும்போது, வெள்ளீயத்தின் ஒரு பகுதி சல்ஃபைடாக ஆவியாகி வெளியேறிவிட, துத்தநாக சல்ஃபைடும் தாமிர சல்ஃபைடும் படலத்தில் தங்கிவிடக்கூடும். துத்தநாக சல்ஃபைடு மின்னோட்டத்தைத் தடுக்கும். உடன் உருவாகக்கூடிய தாமிர வெள்ளீய சல்ஃபைடு மின்னழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் பதிவில் துத்தநாக சல்ஃபைடு, தாமிர வெள்ளீய சல்ஃபைடு ஆகிய இவ்விரண்டின் முதன்மை முகடுகளும் சிஇசட்டிஎஸ் முகடுகள் உள்ள இடத்திலேயே விழுவதால், அந்தப் பதிவை மட்டும் காட்டிப் படலம் தூயது என்று சொல்வதற்கில்லை. லேசர் ஒளி சிதறும் விதத்தைக் கொண்டு சேர்மங்களை அடையாளம் காணும் ராமன் நிறமாலையும் தேவை. அதிலும் பச்சை லேசரில் துத்தநாக சல்ஃபைடு எளிதில் அகப்படாது, புற ஊதா லேசர் வேண்டும்.

படலம் தூயதாகவே அமைந்தாலும், மாலிப்டினம் பூசிய கண்ணாடி, அதன் மேல் இப்படலம், பிறகு காட்மியம் சல்ஃபைடு, துத்தநாக ஆக்சைடு என்று அடுக்கி முடித்த பின்னரே மின்கலம் உருவாகிறது. (காட்மியமே இல்லாத மின்கலம் என்று எழுதுவோர் இந்த அடுக்கைக் கவனிப்பதில்லை.) அதைச் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், 25 டிகிரி வெப்பநிலையில் அளந்த பிறகே திறன் (விழும் ஒளி ஆற்றலில் மின்சாரமாக மாறும் பங்கு) பற்றிப் பேச முடியும். இக்குடும்பத்தில் செலினியமும் சேர்த்து ஐபிஎம் ஆய்வாளர்கள் 12.6 விழுக்காட்டை எட்டியது 2013இல். கோட்பாட்டு எல்லையோ 30 விழுக்காட்டுக்கும் மேல். இதற்கிடையில், மற்றொரு மென்படலமான காட்மியம் டெலுரைடைக் கொண்டு ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குத் தகடுகள் செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 2024இல் தொடங்கப்பட்டுவிட்டது.

ஆகவே இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, முழு மின்கலம் செய்யப்பட்டதா, அதன் பரப்பும் திறனும் எவ்வளவு, அளந்தவர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.