மல்பெரி மரத்தில் ஒரு வில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைக் காண்கிறோம். அந்த வில் எம்மரத்தால் ஆனது என்பதைக் கல் சொல்வதில்லை. வில் என்றாலே மூங்கில் என்று எண்ணும் நமக்கு, பட்டுப்புழுவுக்கு இலை தரும் மல்பெரியும் வில்லுக்கு ஏற்றது என்பது வியப்பளிக்கலாம். வட அமெரிக்கப் பழங்குடியினர் வேட்டை வில்லுக்குப் பெரிதும் விரும்பிய ஓசேஜ் ஆரஞ்சு மரமும் மல்பெரிக் குடும்பத்தையே சேர்ந்தது.

ஆண்டுதோறும் கவாத்து செய்யப்படும் செடியில் இதற்கான கட்டை கிடைக்காது. வரப்போரம் மரமாகவே வளரவிட்ட மல்பெரியின் கணுவற்ற அடிமரம் வேண்டும். அதை நீளவாக்கில் பிளந்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்திய பின், எய்பவருக்கு எதிர்ப்புறமாக அமையும் முதுகுப் பகுதியை ஒரே வளர்ச்சி வளையத்தைப் பின்பற்றிச் செதுக்க வேண்டும்; நாணை இழுக்கையில் விரிந்து கொடுப்பது அப்பகுதியே என்பதால், அங்கு வளையம் அறுபட்டால் வில் பெரும்பாலும் அவ்விடத்திலேயே முறியும். பொறுமையிழந்து நான் செதுக்கிய முதல் வில் அப்படித்தான் ஒடிந்தது. அதன்பின் உட்புறத்தை மட்டும் சிறிது சிறிதாகச் சுரண்டி, இரு பாதிகளும் சீராக வளையும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளதால் இவ்வில் இலக்குப் பயிற்சிக்கு மட்டுமே. முதிர்ந்த மல்பெரி மரங்களை விறகுக்கு அனுப்பும் முன், நல்ல கட்டைகளை எடுத்துவைத்து, நடுகற்கள் உள்ள நம் அரசு அருங்காட்சியகங்களில் மாணவர்களுக்கு வில் செய்முறையைக் காட்ட அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.