வேலூர் கூலரும் சென்னைப் புழுக்கமும்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருவொற்றியூரில் வீடு வசதியாக அமைந்ததில் சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருப்பது அதைவிடச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். காலேஜில் இயற்பியல்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

கூலர் விஷயத்துக்கு வருகிறேன். வேலூரில் ஜில்லென்று காற்று கொடுத்த கூலர் அங்கே வந்ததும் வெறும் ஈரக்காற்றை அடிக்கிறது, மெக்கானிக்கோ மோட்டார், பம்ப்பு எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் சொல்வது சரி. கூலர் உள்ளே இழுக்கும் காற்றுதான் மாறிவிட்டது.

நாம் படித்த ஜோசப் பிளாக், வெப்பத்தை ஆராய்ந்த விஞ்ஞானி, நினைவிருக்கிறாரா? 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் அவர் செய்த சோதனை. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, இன்னொன்றில் ஏறக்குறைய உறைநிலைக்குக் குளிர்ந்த, அதே எடைத் தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் வைத்தார். தண்ணீர் சுமார் நாலு டிகிரி செல்சியஸ் ஏற அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலைக்கு வரப் பத்தரை மணி நேரம்! கூடத்துக் காற்று இரண்டுக்கும் ஒரே மாதிரி வெப்பம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பனிக்கட்டி அதில் பெரும்பகுதியை உருகுவதற்கே செலவழித்தது. தெர்மாமீட்டரில் அது தெரியவில்லை. அதற்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதை இத்தனை எளிய சாமான்களை வைத்துக் காட்டிய சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறேன், இன்னும் புல்லரிக்கிறது.

ஆவியாதலில் இந்தக் கணக்கு பல மடங்கு. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் போதும். ஒரு கிலோ தண்ணீர் நம் கோடை வெப்பநிலையில் ஆவியாக 2,400 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். கூலர் தன் ஈர மெத்தைகள் வழியே ஓடும் காற்றிடமிருந்தே அதைப் பிடுங்குகிறது. உடம்பும் அதே வழியில்தான் பிழைக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிறவர் உடம்பிலும் சுமார் 100 வாட் வெப்பம் உண்டாகிறது. அதை வியர்வையால் மட்டுமே வெளியேற்ற வேண்டுமென்றால் மணிக்கு 150 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாய் வழிந்து போகிற வியர்வையால் பயனே இல்லை.

காற்றை எதுவரை குளிர்விக்கலாம் என்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை சொல்லிவிடும். ஒரு தெர்மாமீட்டரின் குமிழில் மல் துணியைச் சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்ப் புட்டியில் விட்டு, ஃபேன் முன்னால் வை. அளவு இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. அதற்குக் கீழே உன்னுடையது போன்ற கூலரால் கொண்டுபோக முடியாது. வேலூரில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் அது 25 டிகிரி வாக்கில் நிற்கும். இறங்க 16 டிகிரி இடம் இருக்கிறது. உன் ஊரில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் நிற்பது 30-இல். இடம் ஆறே டிகிரி, அதிலும் கூலர் முழுதாக இறக்காது. மே மாதத்தில் மேற்குக் காற்று அடித்துக் கடற்காற்று தாமதமாகிற நாளில் பகலில் கூலர் நன்றாகவே வேலை செய்யும், பார். கடற்காற்று உள்ளே வந்ததும் படுத்துவிடும்.

இவ்வளவு எழுதுவது அம்மாவுக்காகத்தான். ஏசி போல நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூலர் போடுகிறீர்கள் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப ஈரமாக்கினால் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் இடைவெளி இல்லாமல் போய்விடும், வியர்வை காயாது. ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் திடகாத்திரமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது கணக்கு. ஆனால் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, லேசான நடமாட்டத்திலேயே, 31 டிகிரிக்கு அருகிலேயே உடல் சூடு ஏறத் தொடங்கிவிட்டது. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாக உணர்வும் குறைவு.

எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வை. புழுக்கமான நேரத்தில் பம்ப்பை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் ஓடவிடு. அம்மாவின் கை கால்களை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஃபேன் போடு, மோர் கேட்காவிட்டாலும் கொடு. முடிந்தால் அந்த அறைக்கு மட்டுமாவது ஒரு ஏசி வாங்கிவிடு; கரண்ட் பில்லைப் பார்க்காதே.

தெர்மாமீட்டர் இரண்டு இந்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். ஒன்றில் ஈரத் துணி சுற்றி, மற்றதைச் சும்மா வைத்து, பகல் 11 மணிக்கும், கடற்காற்று வந்த பிறகும் இரண்டு அளவும் எடுத்து எழுது. மகள் அந்த எண்களுக்காகக் காத்திருக்கிறாள். வேலூர் பக்கம் அவளே குறித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
ரவி