கோட்டின் இரண்டு நுனிகள்

மண்டபம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலையில் கோடிங் தொடங்கும் முன் யுஎம்எல் படம், அதாவது மென்பொருளின் அமைப்பைப் பெட்டியும் கோடுமாகக் காட்டும் படம், வரையச் சொல்கிறார்கள், இந்தக் காலத்திலும் இது தேவையா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் தேவை. கோப்பில் வைப்பதற்காக அல்ல, பக்கத்தில் இருப்பவர்களைப் பேச வைப்பதற்காக.

இப்போது நான் விசைப்படகு உரிமையாளர்கள் சிலருக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் அல்லவா, படகெல்லாம் கரையில் நிற்கும்; ஆட்களும் ஆற அமரப் பேசுவார்கள். வலை செப்பனிடும் இடத்திலேயே உட்கார்ந்து பெரிய தாளில் கிளாஸ் டயகிராம் வரைந்தேன்; எவையெல்லாம் இருக்கின்றன, எது எதோடு தொடர்பு என்று காட்டும் யுஎம்எல் படம் அது. படகு, ஆள், வியாபாரி என்று பெட்டிகள், நடுவே கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒன்றா, பலவா என்று குறிக்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

படகையும் ஆளையும் இணைத்த கோட்டில் ஒரு டிரைவர் விரலை வைத்தார். "இவன் நேத்து என் படகுல வந்தான், அடுத்த தடவை வேற படகுல போவான். பங்கை எதுல எழுதுவீங்க?" கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர், செல்வம்! அந்தக் கேள்வியிலிருந்துதான் கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் தனிப் பெட்டியானது. டீசல், ஐஸ் செலவு, மீன்பாடு எல்லாம் அதில் சேர்ந்தன. யார் யார் போனார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு அதற்கும் ஆளுக்கும் நடுவே இன்னொரு டேபிள். இதையே நூறு பக்க அறிக்கையாகக் கொடுத்திருந்தால் அவர் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம் ஸ்டேட் டயகிராம், அதாவது ஒரு பயணம் கடக்கும் நிலைகளை அம்புக்குறியால் இணைக்கும் படம். டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கியாச்சு, கடலில், கரை வந்தாச்சு, ஏலம் முடிந்தது, பங்கு பிரித்தாச்சு. டோக்கன் வாங்கியபின் புயல் எச்சரிக்கை வந்து படகு போகாவிட்டால்? ஏற்றிய ஐஸ் கரைந்த செலவு யாருக்கு? அம்புக்குறி போட இடம் தேடும்போதுதான் இப்படிப்பட்ட கேள்விகள் கிளம்புகின்றன.

டேட்டாபேஸுக்கும் கிளாஸ் டயகிராமே போதுமா என்று கேட்டாய். போதாது. பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த ஈஆர் மாதிரி, அதாவது பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் முறை, தரவுக்கென்றே பிறந்தது. பூச், ரம்பா, யாக்கப்சன் மூவரின் முறைகளும் ஒன்றுகூடி, 1997-இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு ஏற்றுக்கொண்ட யுஎம்எல்லோ ஆப்ஜெக்டுகளை, அதாவது தரவும் செயலும் சேர்ந்த நிரல் கூறுகளை, மனதில் வைத்தது. டேபிளில் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீ போன்றவற்றை மையமாக வைத்து அது உருவாகவில்லை. விசைப்படகும் நாட்டுப்படகும் படகின் வகைகள் என்று முக்கோண அம்பு போட்டுவிடலாம், ஆனால் டேபிளில் அம்பு கிடையாது. நான் ஒரே டேபிளில், எந்த வகை என்று குறிக்க ஒரு நெடுவரிசை வைத்தேன். இரண்டுக்கும் வேறுபடும் விவரங்கள் கொஞ்சம்தான். அவை நிறைய இருந்தால் தனித்தனி டேபிள் நல்லது.

யுஎம்எல்லில் 14 வகைப் படங்கள் உண்டு. எல்லாவற்றையும் படிக்கிறேன் என்று உட்காராதே. கிளாஸ், சீக்வென்ஸ் (எது யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறது என்பது), ஸ்டேட் மூன்றும் கைவந்தால் இப்போதைக்குப் போதும். வரைய பிளான்ட்யுஎம்எல் என்ற கருவியை வைத்துக்கொள். படத்தை எழுத்தாகவே எழுதுவதால் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் போட்டு எது மாறியது என்று பார்க்கலாம்.

சரி, உங்கள் ஈஆர் படத்தை அனுப்பு. பெட்டிகளை நான் பார்க்கப்போவதில்லை, கோடுகளின் நுனிகளைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
முருகேசன்