கருவேலம் பிசினைக் கொதிக்கவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு மருந்துக் கடைச் சரக்குகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, கருவேலம் பிசினை வெறும் சர்க்கரைப் பாகு என்கிறது. அது கிடைக்காவிட்டால் பாதாம் பிசினைப் போடலாமாம், எதுவானாலும் நன்றாகக் கொதிக்கவிட வேண்டுமாம். மூன்றும் தவறு.

பிசினில் பெரும்பங்கு கேலக்டோஸ், அராபினோஸ் முதலிய சர்க்கரைகள்தாம். ஆனால் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் நிறுத்துவது அதில் சொற்பமாக உள்ள அராபினோகேலக்டன் புரதம். தாவரச் செல்சுவரிலும் செல்சவ்வின் வெளிப்புறத்திலும் இருக்கும் புரதவகை இது. இதிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலம் முதலில் ஹைட்ராக்சிபுரோலினாக மாறும். பிறகு அதன்மேல் சர்க்கரைக் கிளைகள் ஏறும். ஏறி முடிந்தபின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையே! மிச்சமுள்ள புரதப்பகுதி எண்ணெய்த் துளியைப் பற்றிக்கொள்ள, சர்க்கரைக் கிளைகள் நீருக்குள் விரிந்து துளிகளை ஒட்டவிடாமல் விலக்கி வைக்கும்.  

பாதாம் பிசின் ஊறி உப்பும், பெரும்பகுதி கரையாது. ஜிகர்தண்டாவுக்குச் சரி, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் நிறுத்தும் வேலைக்கு ஆகாது.

சோதிக்க நினைப்பவர்கள் 100 மில்லி ஆறிய நீரில் 10 கிராம் பிசின் தூளைத் தூவிக்கொண்டே கிளறவும். தூளின்மேல் நீரை ஊற்றினால் கட்டி தட்டும். கட்டிக்குள் தூள் நனையாமலே கிடக்கும். இரவு ஊறவிட்டு, பட்டைத் துணுக்குகள் போக மல்துணியில் வடிகட்டி, இரண்டாகப் பிரிக்கவும். ஒரு பாதியை மட்டும் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, சுண்டிய அளவுக்கு நீர் சேர்த்து ஆறவிடவும். இரண்டிலும் தனித்தனியே 10 மில்லி நல்லெண்ணெய் விட்டு மிக்சியில் அடிக்கவும். கொதிக்காதது பால்போல் நிற்கும். கொதித்ததில் எண்ணெய் சீக்கிரமே மேலே மிதக்கும், ஏனென்றால் நெடுநேரச் சூட்டில் புரதம் திரண்டு அடியில் படிந்துவிடுகிறது.

கட்டுரை தொடாத இன்னொன்று: நம் செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைகளில் நாட்டுக் கருவேலும் சீமைக் கருவேலும் பக்கம்பக்கமாக நிற்பதால் பிசின் கலந்து வர வாய்ப்புண்டு. அராபினோகேலக்டன் புரதத்தைச் சிவப்பு வீழ்படிவாகக் காட்டும் யாரிவ் சாயமும் இரண்டையும் பிரித்தறியக் கைகொடுக்காது. இரண்டு பிசினிலும் அப்புரதம் உண்டு. உண்பதற்கு வாங்குகிறவர்கள் எந்த மரத்தில் எடுத்தது என்று, பிசின் சேகரிப்பவரிடமே கேட்டு வாங்குவது நல்லது.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்,
காரைக்குடி