ஆலங்கட்டித் தடுப்பு விமானம் கிளம்பும் முன்: புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

புவி அறிவியல் அமைச்சகத்தின் செயலாளர் அவர்களுக்கும், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் மேக விதைப்பு ஆய்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘மிஷன் மௌசம்’ திட்டம், இரண்டு ஆண்டுகளுக்கு 2,000 கோடி ரூபாய் மதிப்பில், வானிலையைக் கணிப்பதோடு அதை ஓரளவு கையாள்வதையும் தன் நோக்கமாகக் கொண்டிருக்கிறது. மேகத்தில் துகள்களைத் தூவும் மேக விதைப்பால் மழையைக் கூட்டுவதும் ஆலங்கட்டியைக் குறைப்பதும் அதில் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. கேட்கும் விவசாயிக்கு இவை இரண்டும் ஒரே விமானம் ஒரே பயணத்தில் முடித்துவிடும் வேலையாகத் தோன்றும். ஆனால் மேகம், பருவம், தூவும் பொருள், கையிலிருக்கும் சான்று ஆகிய அனைத்திலும் இவை வேறுபடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஆலங்கட்டித் தடுப்பை மழைத் திட்டத்தின் இணைப்பாகச் சேர்க்காமல், தனிச் சோதனையாக நடத்த வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

மழையைக் கூட்டும் முயற்சியில் உங்கள் குழு மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் செய்தது பாராட்டுக்குரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியான அங்கே, 2018, 2019 பருவமழைக் காலங்களில் 276 மேகங்களைத் தேர்ந்தெடுத்து, எவற்றில் தூவுவது, எவற்றைத் தொடாமல் விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தீர்கள். கால்சியம் குளோரைடு நிரப்பிய குழல்களை மேகத்தின் அடிப்பகுதியில் எரித்து, உப்புத் துகள்களை மேலெழும் காற்றோடு அனுப்பியதில், சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 18 சதவீதம் கூடுதல் மழை கிடைத்ததாகவும், அந்த நீருக்கு லிட்டருக்கு 18 பைசா செலவானதாகவும் கணக்குக் காட்டினீர்கள். மேக விதைப்பு மட்டுமே வறட்சியைத் தீர்த்துவிடாது என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். அதற்கு முன்பு 1983-லும் 1993-94-லும் தமிழக அரசும், 2015-இல் மகாராஷ்டிர அரசும், 2017-இல் கர்நாடக அரசும் நடத்தியவை பெரும்பாலும் நிவாரண நடவடிக்கைகளே. விதைக்காமல் விட்ட மேகம் ஒப்பீட்டுக்கு இல்லாதபோது, பெய்த மழையில் எது விமானத்தால் வந்தது, எது தானாக வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதே மகாராஷ்டிரத்தை ஆலங்கட்டி தாக்குவது வேறொரு பருவத்தில். 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெய்த கல்மழையில் அறுவடைக்கு நின்ற திராட்சையும் மாதுளையும் கோதுமையும் அழிந்ததை அந்த மாநில விவசாயிகள் மறக்கவில்லை. கோடைக்கு முந்தைய அந்த இடிமேகங்களில், வேகமாக மேலெழும் காற்று நீர்த்துளிகளை, உறையும் குளிர் தொடங்கும் உயரத்துக்கும் மேலே தூக்கிச் செல்கிறது. அங்கே அவை பூஜ்யத்துக்குக் கீழான குளிரிலும் உறையாத நீராக நிற்கின்றன. ஆலங்கட்டிக் கருக்கள், அதாவது கல்லாக வளரும் சிறு பனித்துகள்கள், அந்த நீரைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொண்டே பருக்கின்றன. சோலாப்பூரில் தூவிய உப்பை விட்டு, இப்படிக் குளிர்ந்த நீரை உறைய வைக்கும் சில்வர் அயோடைடுக்கு இங்கே போக வேண்டியிருப்பது இதனால்தான். அதைத் தூவிக் கருக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால், பந்தியில் ஆட்கள் கூடும்போது இலைக்கு விழும் பங்கு குறைவதைப் போல, ஒவ்வொரு கல்லும் சிறுத்து, தரைக்கு வருவதற்குள் உருகிவிடும் என்பது வாதம்.

வாதம் அழகானதுதான், ஆனால் சோதனையில் அது நிரூபணமாகவில்லை. அமெரிக்காவில் வடகிழக்குக் கொலராடோவில் 1972 முதல் 1974 வரையும், சுவிட்சர்லாந்தில் 1977 முதல் 1981 வரையும் குலுக்கல் முறையில் நடந்த பெரிய ஆய்வுகள் ஆலங்கட்டி குறைந்ததாகக் காட்டவில்லை. மறுபக்கம், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் சேர்த்தே பல பத்தாண்டுகளாக விமானங்கள் பறக்கின்றன. பயிர்க் காப்பீட்டுத் தரவுகளை வைத்து 1997-இல் வெளியான ஆய்வு, இழப்பு ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்ததாகக் கூறியது. அது அண்டைப் பகுதியோடு ஒப்பிட்டுச் சொன்ன முடிவு, குலுக்கல் சோதனையின் முடிவல்ல. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1996 முதல் காப்பீட்டு நிறுவனங்களே இந்தச் செலவை ஏற்று வருகின்றன. அவர்கள் காக்க நினைப்பது நகரத்துக் கார்களையும் கூரைகளையும். வயல் அவர்கள் கணக்கில் இல்லை.

ஆகவே இங்கே நடக்கப்போவது சோதனையே என்று முதல் நாளிலேயே கிராமங்களில் சொல்லிவிடுங்கள். இதில் கடினமான பகுதி விமானம் ஓட்டுவது அல்ல. தன் தோட்டத்தை நோக்கி வரும் கருமேகத்தைக் குலுக்கலில் ‘விதைக்க வேண்டாம்’ என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பதை ஒரு திராட்சை விவசாயி எப்படி ஏற்பார்? விமானம் பறந்தும் கல் விழுந்தால், விமானம்தான் விழ வைத்தது என்று பக்கத்து ஊர் சொல்லாதா? வடக்கு டகோட்டாவில் மழை குறைந்துவிட்டது என்ற சந்தேகத்தில் விவசாயிகளே எதிர்த்து நின்று, சில மாவட்டங்கள் திட்டத்தை விட்டே விலகின. இந்தக் கேள்விகளுக்கான பதிலை மேகம் திரண்ட பிறகு தேட முடியாது. சோதனைக் காலத்தில் அந்தப் பகுதியில் ஆலங்கட்டியால் பயிர் இழப்போருக்கு, மேகம் விதைக்கப்பட்டதா இல்லையா என்று பாராமல், உடனடி இழப்பீடு வழங்குவதைத் திட்டத்தின் செலவிலேயே சேர்த்துவிடுவது நியாயம்.

அளவிடுதல் குறித்தும் ஒரு சொல். கல் விழும் தடம் குறுகலானது; ஒரு தோட்டம் நாசமாக, அடுத்த தோட்டம் தப்பிவிடும். தாலுகாவுக்கு ஒன்றிரண்டு மழைமானிகளால் இதைப் பிடிக்க முடியாது. கல் பட்ட தடத்தைப் பதிக்கும் நுரைப்பலகைகளை நெருக்கமாக நட்டு, அவற்றைப் பராமரிக்கத் தோட்டக்காரர்களையே அமர்த்தலாம். ஆலங்கட்டி ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக மாறுவதால், இரண்டு ஆண்டு ஒதுக்கீட்டில் எந்த முடிவும் தேறாது என்பதையும் நிதியமைச்சகத்திடம் இப்போதே எடுத்துச் சொல்லுங்கள்.

2025 அக்டோபர் 28 அன்று டெல்லியில் மாசைக் குறைக்க நடந்த மேக விதைப்பு, ஈரப்பதம் போதாமல் குறிப்பிடத்தக்க மழை தராமல் போனது அன்றே நாடெங்கும் தெரிந்தது. தலைநகர் என்பதால் தெரிந்தது. சோலாப்பூருக்கோ திராட்சை விளையும் நாசிக்குக்கோ அந்த வாய்ப்பு இல்லை. எந்த மேகம், எந்த நேரம், எவ்வளவு சில்வர் அயோடைடு, பிறகு தரையில் பதிவானது என்ன என்பவற்றை, தோல்விகள் உட்பட, பருவம் முடிந்த மூன்று மாதங்களுக்குள் மராத்தியிலும் வெளியிடுங்கள். எந்த முடிவு வந்தால் திட்டத்தைக் கைவிடுவீர்கள் என்பதையும் முதல் விமானம் கிளம்பும் முன்பே எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேளாண்மையைக் கவனித்து வரும் ஒரு தமிழ் வாசகர்