மழைக்கும் காப்பிப் பறிப்புக்கும் முன் உங்கள் பிக்கப் வண்டிக்கு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழையும் காப்பிப் பழம் பறிப்பும் அடுத்தடுத்து வரப் போகின்றன. ஏற்காட்டு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து மூட்டை இறக்கும் பொலேரோ, தோஸ்த், குட்டி யானை வண்டிகள் எங்கள் உதிரிபாகக் கடை வாசலில் வரிசை கட்டும் காலம் இது. அப்படி வருபவர்களில் பலருடைய வேலை, வீட்டு வாசலிலேயே கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது. அதற்குக் கூலி வாங்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பிரேக். வண்டி மலையேறத் திணறினால் அன்று மாலையே கொண்டுவந்து விடுகிறீர்கள். இறங்கும்போது பெடல் கொஞ்சம் கீழே போனால், "மூட்டை அதிகம், அதனால் இருக்கும்" என்று விட்டுவிடுகிறீர்கள். எங்களைக் கேட்டால், இறங்கும்போது வரும் கோளாறுதான் உடனே பார்க்க வேண்டியது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. சரக்கோடு சேர்த்து மூன்று டன் எடையுள்ள வண்டி அந்த 1,200 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிடைக்கும் வெப்பத்துக்கு ஏறக்குறையச் சமம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தால், அதில் பெரும்பகுதி டிரம்மிலும் டிஸ்கிலும்தான் இறங்கும். அடிவாரச் சோதனைச் சாவடியில் நிற்கும்போது வரும் கருகல் வாடை அதுதான்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்குத் தரவிதி கேட்பது 140 டிகிரி மட்டுமே. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. போனட்டைத் திறந்தால் தெரியும் அந்தச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவை மாதம் ஒரு முறை பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாக்‌ஷன் போலக் கறுத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். லைனர் (உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் பட்டை) தேய்ந்திருக்கும், அல்லது எங்கேயோ கசியும். நான்கு சக்கரங்களின் உட்புறமும் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆயிலை மாற்றி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றும் வேலையை மட்டும் எங்களிடம் விடுங்கள். கொஞ்சம் காற்று உள்ளே தங்கினாலும் ஆபத்து.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது வரும் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை அறவே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக, மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிமானமும் இல்லை. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களிடம் என்ன சொல்வது? இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், லைனர் கூடுதல் காலம் உழைக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பவர் குறைவு. இறங்கியவுடன் சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், டிரம் விரிசல் விடும்.

ரேடியேட்டருக்கு வருவோம். குழாய்த் தண்ணீர் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீரோடு கலக்கும் கூலன்ட் திரவமும், அழுத்தத்தைத் தாங்கும் மூடியும் சேர்ந்துதான் கொதிநிலையை உயர்த்தி வைக்கின்றன. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் வெட்டும் இடங்களிலும் கல்குவாரிகளிலும் ஓடும் வண்டிகளுக்கு, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு ஏர் பில்டருக்குச் செல்லாது. வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. வெளியிலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள் புகுந்துகொள்ளும். டீசல் பில்டரின் அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்பது கண்ணுக்கே தெரியும். தெளிந்த டீசல் வரும்வரை விட்டு மூடிவிடலாம்.

கமான் பட்டை, கிராஸ் பேரிங் ஆகியவற்றுக்குக் கிரீஸ் வைப்பதை, கிரீஸ் கன் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் எங்களிடம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பித் தந்தால் போதும். (சென்ற ஆண்டு போன கிரீஸ் கன் ஒன்று இன்னும் மலையிலேயே இருக்கிறது.) டயர் காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு இறக்கிவிடாதீர்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் முறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். மலைச் சாலையில் சக்கரத்துக்குக் கல் வைத்தால், புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். பனிமூட்டத்தில் பின்னால் வரும் பைக்காரருக்கு அது தெரியாது.

பேட்டரி முனையில் உப்புப் பூத்திருந்தால் முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, காயவிட்டு, வாஸலின் தடவி, மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள்.

பிரேக் ஆயிலில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் பேனா போன்ற கருவி ஒன்று கடையில் இருக்கிறது. பார்த்துச் சொல்வதற்குக் காசு கிடையாது, ஆயிலை எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. காலை ஒன்பதுக்கு முன் வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. தீபாவளியை ஒட்டி மெக்கானிக்குகள் ஊருக்குப் போய்விடுவார்கள். லைனர், கிளட்ச் வேலை இருப்பவர்கள் அதற்கு முந்தைய வாரமே வண்டியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உதிரிபாகக் கடையினர்,
ஏற்காடு சாலை, கோரிமேடு, சேலம்.